விமானம் சீப்தான்... வீடாக்குறதுதான் காஸ்ட்லி! பழைய விமானத்தில் வீடு கட்டுவது எப்படி?

ஓய்வுபெற்ற பயணிகள் விமானங்கள் பல, கடைசியாக இறங்குவது பாலைவனத்தில். இன்ஜின், மின்னணுக் கருவிகள் என விலைபோகும் பாகங்களை முதலில் கழற்றிவிடுவார்கள். மிச்சமிருக்கும் அலுமினியக் கூடு காயலான் கடைக்குத்தான். அமெரிக்காவில் சிலர் அதையே வாங்கி வீடாக்கியிருக்கிறார்கள். வாங்குறது ஈசி, மனைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறதுதான் சவால்!

இறக்கையே கூரை

கலிஃபோர்னியாவின் மாலிபு மலைப்பகுதியில் இருக்கிறது '747 விங் ஹவுஸ்'. வளைவான கூரை வேண்டும் என்றார் வீட்டு உரிமையாளர். கட்டடக் கலைஞர் டேவிட் ஹெர்ட்ஸ் வரைந்து பார்த்தால், அது விமான இறக்கை மாதிரியே இருந்தது. சரி, நிஜ இறக்கையையே வைத்துவிடலாமே!

பழைய போயிங் 747 ஒன்று 50,000 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. 300 டன்னுக்கு மேல் தாங்கிப் பறந்த இறக்கைகள் என்பதால், கூரையைத் தாங்க அதிகத் தூண்கள் தேவைப்படவில்லை. சுவர்களைக் கண்ணாடியிலேயே அமைத்தார்கள்.

ஆனால் பாகங்களைக் கொண்டுவர நெடுஞ்சாலைகளை மூட வேண்டியிருந்தது. மலை மேலே தூக்கிச் சென்றது சினூக் ஹெலிகாப்டர். 17 அரசு அமைப்புகளின் அனுமதியும் தேவைப்பட்டது. மேலே பறக்கும் விமானிகள் 'விபத்தோ' என்று பதறிவிடக் கூடாதே! அதற்காக விமானப் போக்குவரத்துத் துறையிலும் இந்த வீட்டைப் பதிவு செய்தார்கள்.

முழு விமானமும் வீடு

ஓரிகான் மாநிலம் ஹில்ஸ்போரோவில், பொறியாளர் புரூஸ் கேம்பெல் 1999-ல் ஒரு போயிங் 727-ஐ 1 லட்சம் டாலருக்கு வாங்கினார். இறக்கைகளையும் வாலையும் கழற்றி, சாலை வழியாக இழுத்து வந்து, தன் தோப்புக்குள் தூண்கள் மேல் நிறுத்தினார். மொத்தச் செலவு சுமார் 2.2 லட்சம் டாலர். விமானத்தின் விலையைவிட மற்ற செலவுதான் அதிகம்.

லாரியில் முடிந்த வாழ்க்கை

இவருக்கு முன்னோடி, மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பெண். வீட்டை இழந்து நின்ற அவர், ஒரு பழைய 727-ஐ வாங்கி, 30,000 டாலருக்குள் சீரமைத்து, 1995 முதல் 4 ஆண்டுகள் அதில் வாழ்ந்தார். பிறகு, பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதற்காகச் சற்றுத் தள்ளி ஓரிடத்துக்குக் கொண்டு போனபோது, லாரியிலிருந்து சரிந்து விழுந்தது. அதன்பின் அதைச் சரிசெய்யவே முடியவில்லை.

விமான வீட்டுக்கு ஆசைப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விமானத்தின் விலையை அல்ல. பாதை, லாரி, அனுமதி... இந்த மூன்றுக்கும் கணக்குப் போட்ட பிறகுதான் பேரமே பேசணும்!