திருவொற்றியூர் தொகுதி: அரசியல் கட்சிகள்

வட சென்னையின் காலடிப்பேட்டை, திருவொற்றியூர் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. மீனவர் குப்பங்களும் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த இத்தொகுதியில் 1967 முதல் தி.மு.க.வும், 1977 முதல் அ.தி.மு.க.வும் முதன்மைக் கட்சிகளாக இருந்து வந்துள்ளன. தி.மு.க.வின் தொடக்க விழாப் பொதுக்கூட்டம் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் நடந்ததும் அருகிலுள்ள இராயபுரம் இராபின்சன் பூங்காவில்தான். 1972-இல் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து பிரிந்து அ.தி.மு.க.வைத் தொடங்கினார், 1977-இலேயே இங்கு அதன் இரட்டை இலைச் சின்னம் வென்றது.

1980-இல் காந்தி காமராஜ் தேசிய காங்கிரஸ் தலைவர் குமரி அனந்தனும், 1984-இல் காங்கிரசும் வென்றது கூட்டணி பலத்தால். அதன்பின் தொகுதி இரு கழகங்களிடையே கைமாறி வந்தது. தி.மு.க.வின் கே.பி.பி. சாமி 2006-இல் வென்று மீன்வளத்துறை அமைச்சரானார், 2011-இல் அ.தி.மு.க.வின் கே. குப்பன், 2016-இல் மீண்டும் சாமி. அவர் 2020-இல் மறைந்தபின், 2021-இல் தம்பி கே.பி. சங்கர் வென்றார். அத்தேர்தலில் நாம் தமிழர் கட்சியின் சீமான் 48,000-க்கு மேற்பட்ட வாக்குகளுடன் மூன்றாமிடம் பெற்றது கவனிக்கத்தக்கது.

இடதுசாரிகளின் பலத்தை வாக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. சென்னையில் 1923-இல் மே தினம் கொண்டாடிய பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் மீனவச் சமூகத்தவர். ஆலை வாயில்களில் இடதுசாரித் தொழிற்சங்கங்களான ஏ.ஐ.டி.யு.சி., சி.ஐ.டி.யு. ஆகியவற்றின் செங்கொடிகள், இரு கழகங்களின் தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கக் கொடிகளோடு பறக்கின்றன. சட்டமன்றத்தில் இடமில்லாத காலத்திலும் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் இடதுசாரிகளுக்கு இடமுண்டு. பா.ம.க., தே.மு.தி.க., விடுதலைச் சிறுத்தைகள், பா.ஜ.க. ஆகியவை இங்கு பெரும்பாலும் கூட்டணி வழியாகவே இயங்கியுள்ளன. இக்கட்சிகளுக்கு அடுத்த புதிய வரவாக, நடிகர் விஜய் தமிழக வெற்றிக் கழகத்தை 2024-இல் தொடங்கினார்.