பதினாலாம் சட்டத்திலிருந்து சோனாகாச்சிவரை

சங்கப் பாடல்களில் 'பரத்தை கூற்று' என்று ஒரு பகுப்பு உண்டு. கூற்று அவளுடையது, பாட்டு புலவருடையது. அதன் பிறகு நீண்ட காலத்திற்கு அந்தக் கூற்றும் இல்லாமல் போயிற்று. அவளைப் பற்றிப் பேசியவர்கள்தான் மிகுதி. 1963இல் வந்த ஜி. நாகராஜனின் 'குறத்தி முடுக்கு' போன்ற சில விதிவிலக்குகளை நாம் கொண்டாடுவதே, விதி எதுவாக இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. மருத்துவத்தின் வரலாறும் இதே விதிக்கு உட்பட்டதுதான் என்று நான் கருதுகிறேன். பால்வினை நோய்களைத் தடுக்க இந்த நாட்டில் நடந்த முயற்சிகளை, யாருடைய சொல்லுக்கு மதிப்பிருந்தது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு வாசித்துவிடலாம்.

1868இல் ஆங்கில அரசு இந்தியத் தொற்று நோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அவ்வருடத்துச் சட்டங்களில் அது பதினாலாவது. கல்கத்தாவில் ஜனங்கள் அதைப் 'பதினாலாம் சட்டம்' என்றே அழைத்தார்கள். தொழில் செய்யும் பெண்கள் தம் பெயரைப் பதிய வேண்டும், குறித்த காலத்தில் சோதனைக்கு வர வேண்டும், நோயிருந்தால் மருத்துவமனையில் அடைபட வேண்டும். அவர்களிடம் வந்துபோன ஆண்களுக்குப் பதிவும் இல்லை, சோதனையும் இல்லை. பட்டாளத்தின் ஆரோக்கியத்தைக் காக்கப் பெண்ணின் உடல் ஒரு காவல் நிலையமாக ஆக்கப்பட்டது. பலர் நகரத்தைவிட்டு ஓடினார்கள். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சந்திரநாகூர் சிலருக்குப் புகலிடமாயிற்று. 1888இல் சட்டம் ரத்தானது. ஆனால் அதன் மனோபாவம் ரத்தாகவில்லை.

ரத்தாகவில்லை என்பதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. 1986இல் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்த நிர்மலா, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். சோதனை வேலூரில் நடந்தது. விஞ்ஞானத் தளத்தில் அது துணிச்சலான காரியம். அரசாங்கம் விழித்துக்கொண்டதற்கு அதுவே காரணம். ஆனால் எதற்கான சோதனை என்பது அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்திருந்ததாக நிர்மலாவே பின்னாளில் கூறியிருக்கிறார். கிருமி இருப்பதாக அறியப்பட்ட பெண்களில் சிலர், தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் விடப்படவில்லை. 1990இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வெளியே வந்தார்கள். 1868க்கும் 1990க்கும் நடுவே மருத்துவம் எங்கோ போய்விட்டது. பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

1992இல் கல்கத்தாவின் சோனாகாச்சியில் நடந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்மரஜித் ஜனா ஒரு கணக்கெடுப்புக்காக அங்கே போனார். தொழிலாளர் உடல்நலம் பற்றிய படிப்பும் அனுபவமும் உள்ளவர் அவர். சுரங்கத்தில் வேலை செய்பவனின் நுரையீரலை எப்படிப் பார்ப்பாரோ, அப்படியே இந்த நோயையும் ஒரு தொழிலின் ஆபத்தாகப் பார்த்தார். சுரங்கத் தொழிலாளியைத் திருத்திவிட்டுத்தான் வைத்தியம் பார்ப்பேன் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. ஜனாவும் இவர்களைத் திருத்த முனையவில்லை. அந்தப் பெண்களிலிருந்தே களப்பணியாளர்களைத் தேர்ந்தெடுத்தார். பச்சைக் கோட்டும் அடையாள அட்டையும் சம்பளமும் கொடுக்கப்பட்டன. அவர்கள் வீடுவீடாகச் சென்றார்கள்.

போனவர்கள் கொண்டுவந்த செய்தி மருத்துவ அறிக்கைகளில் இல்லாதது. ஆணுறையைப் பற்றித் தெரியாதது முக்கியப் பிரச்னை அல்ல. அது இல்லாமல் முடியாது என்று ஒருத்தி மறுத்தால் வாடிக்கையாளன் அடுத்த அறைக்குப் போகிறான். மறுத்தவளுக்கு அன்றைய வட்டி நிற்கிறது. வீட்டுக்காரி, கடன்காரன், அடியாள், போலீஸ் என்று அவள் உடலுக்கு உரிமை கொண்டாடுபவர்கள் வரிசையில் நிற்க, 'பாதுகாப்பாக இரு' என்று அவளிடம் மட்டும் சொல்வது கேலி. சந்தில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து மறுத்தால்தான் மறுப்புக்கு அர்த்தம் உண்டு. தொழிற்சங்கம் அறிந்த எவருக்கும் இது புதிய தர்க்கமல்ல. இந்தப் பெண்களுக்கும் அது பொருந்தும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

1995இல் அவர்கள் 'துர்பார்' என்ற தம் சொந்த அமைப்பை உண்டாக்கினார்கள். தடுக்க இயலாதது என்று பொருள். அதே வருடம் கடன்காரர்களிடமிருந்து மீள ஒரு கூட்டுறவுச் சங்கம் பதியப் போனபோது, உறுப்பினர்கள் நன்னடத்தை உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. 'இல்லத்தரசிகள்' என்று எழுதிப் பதிந்துகொள்ளுங்களேன் என்று யோசனை சொல்லப்பட்டது. அவர்கள் ஏற்கவில்லை. தொழிலைத் தொழில் என்றே எழுத வேண்டும் என்றார்கள். கடைசியில் விதிதான் மாறியது. 'உஷா' என்ற அந்தச் சங்கம் அப்படித்தான் பிறந்தது.

'பாலியல் தொழிலாளி' என்ற சொல் நம் எழுத்தாளர்கள் பலருக்கு உவப்பாக இல்லை. அறிக்கைத் தமிழ், மொழிபெயர்ப்பு வாடை என்கிறார்கள். வாடை உண்மைதான். ஆனால் அழகான நம் பழைய சொற்களில் எதையும் அவர்கள் தாமாகக் கேட்டு வாங்கியதில்லை. இதை வாங்கினார்கள், அதுவும் ஒரு அரசாங்கப் பதிவேட்டில், பொய் சொன்னால் எளிதாகக் காரியம் முடிந்திருக்கும் நேரத்தில். இந்தச் சொல் கடத்தி வரப்பட்ட சிறுமியின் அழுகையை மறைத்துவிடும் என்ற எதிர்வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குத் துர்பார் வாதத்தால் மட்டும் பதில் சொல்லவில்லை. சிறுமிகளும் விருப்பமில்லாமல் கொண்டுவரப்பட்டவர்களும் தொழிலில் சேராதபடி கண்காணிக்கச் சுய ஒழுங்குக் குழுக்களை அந்தச் சந்துகளிலேயே அமைத்தது. அது போதுமா என்று விவாதிக்கலாம். விவாதத்தில் அவர்களுக்கும் ஓரிடம் உண்டு என்பதை இனி மறுக்க முடியாது.

விளைவு என்ன? 1992இல் ஆணுறைப் பயன்பாடு 3 சதவிகிதம் அளவில் இருந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் 90 சதவிகிதத்தை நெருங்கியதாகக் கணக்கு. இது அவர்களே சொன்ன கணக்கு, சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ரத்தப் பரிசோதனை சொன்னதும் உண்டு. பம்பாயில் இத்தொழிலில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கிருமி இருந்த காலத்தில், சோனாகாச்சியில் அது 10 சதவிகிதத்தை ஒட்டியே நின்றது. 1999இல் திட்டத்தின் நிர்வாகமே பெண்களின் கைக்கு வந்தது.

இதன் பிறகு சோனாகாச்சி ஒரு 'மாதிரி'யாகிவிட்டது. தேசியத் திட்டங்கள் அதை ஏற்றன. அந்நிய நிதி நிறுவனங்கள் தமிழ்நாடு உள்படப் பல மாநிலங்களுக்கு எடுத்துச் சென்றன. பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண் இப்போது 'இலக்குக் குழு'வில் ஒரு எண். மாதத்துக்கு இத்தனை சந்திப்பு, இத்தனை ஆணுறை. முறையை எடுத்துக்கொண்டு மறுப்பை விட்டுவிட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. பதினாலாம் சட்டமும் எண்ணிக்கையில்தான் தொடங்கியது.

ஜனா 2021இல் கொரோனாவில் காலமானார். அடுத்த வருடம், 2022 மே மாதம், உச்ச நீதிமன்றம் பாலியல் தொழிலாளர்களின் கண்ணியம் குறித்து ஒரு ஆணை பிறப்பித்தது. அவர்கள் தம் உடல்நலத்துக்காக வைத்திருக்கும் ஆணுறையைக் குற்றத்தின் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்பது அதில் ஒன்று. ஒரு கையால் அரசு கொடுத்த ஆணுறையை இன்னொரு கையால் போலீஸ் பறிமுதல் செய்துகொண்டிருந்த நாட்டில், இதைச் சொல்ல ஒரு உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. சோனாகாச்சிச் சந்துகளில் பச்சைக் கோட்டணிந்த பெண்கள் அதை முப்பது வருடங்களுக்கு முன்பே சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.