மருத்துவச்சியரும் நம் சமுதாயமும்

தமிழக ஊர்ப்புறங்களில் மகப்பேற்றுப் பணியை ஆற்றி வந்தோர் பெரும்பாலும் மருத்துவர் என்றும் நாவிதர் என்றும் வழங்கப்பெற்ற சமூகத்துப் பெண்கள். பல ஊர்களில் நம் சேரித் தாய்மாரும் அப்பணியைச் செய்தனர். வட இந்தியாவிலோ அது பல பகுதிகளில் சமார் குலப் பெண்களின் தலைமேல் சுமத்தப்பட்டிருந்தது. அரசர் வரலாறுகளைப் படிக்கும் நம் இளைஞர் இவ்வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

மருத்துவச்சியின் பணி பேற்று நாளில் தொடங்குவதன்று. வயிறு முதிர்ந்து இடுப்பு கடுக்கத் தொடங்கும்போதே அவளை அழைப்பர். இளஞ்சூடான நல்லெண்ணெயையோ விளக்கெண்ணெயையோ உள்ளங்கையில் ஏந்தி, இடுப்பையும் முதுகையும் தடவி, வீங்கிய பாதங்களை நீவி விடுவாள். குழந்தையின் தலை எப்பக்கம் இருக்கின்றது என்பதையும் அக்கை கண்டுகொள்ளும். பேற்றுக்குப் பின் தாயையும் சேயையும் எண்ணெய் தேய்த்து நீராட்டுவதும் அவளே. கூலி சில படி நெல், ஒரு பழஞ்சேலை, வெற்றிலை பாக்கு. கொப்பூழ்க்கொடி அறுப்பதைத் தீட்டென்று பிறர் ஒதுங்கியமையால் அவ்வேலை இவர்களுக்கு வந்து சேர்ந்தது. நள்ளிரவில் உள்ளறை வரை அழைக்கப்பட்டவள் மறுமாதம் அவ்வீட்டுத் திண்ணையை மிதித்தல் ஆகாது. அவள் கை வயிற்றைத் தொட்டபோது தீட்டு எங்கே போயிற்று?

சென்னையில் 1844-இல் மகப்பேறு மருத்துவமனை தோன்றியது. நாட்டு மருத்துவச்சியரைப் பயிற்றுவிக்க 1903-இல் கர்சன் சீமாட்டி விக்டோரியா நினைவு நிதியை நிறுவினார். அந்நிதியத்தின் சார்பில் 1918-இல் வெளிவந்த அறிக்கை, தாய்மார் சாவுக்கு மருத்துவச்சியரின் தூய்மையின்மையைப் பெரிதும் குறை கூறிற்று. அக்குறை முற்றும் பொய்யன்று. ஆனால் அது இவர்களுக்கு மட்டும் உரியதுமன்று. ஐரோப்பாவின் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில், மருத்துவர்கள் பணியாற்றிய பிரிவில் மருத்துவச்சியர் பிரிவைவிட மிகுதியான தாய்மார் காய்ச்சலால் மாண்டனர். பிணத்தை அறுத்துச் சோதித்த கையோடு பேறு பார்க்க வந்தமையே காரணமென உணர்ந்த செம்மல்வைஸ், 1847-இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார், சாவு குறைந்தது. அங்கே குலத்தைக் குறை கூறியவர் எவருமிலர்!

முன்னோர் செய்தன யாவும் நன்றென்று நாம் வாதிடவில்லை. முதுகையும் பாதத்தையும் மென்மையாகப் பிடித்து விடுதல் வலியையும் மனக்கலக்கத்தையும் தணிக்கும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புகின்றது. வயிற்றை அழுத்திப் பிசைவதோ பேற்றை விரைவாக்கக் கீழ்நோக்கித் தள்ளுவதோ பெருந்தீங்கு. ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் அதனைத் தேய்க்கலாகாது. இரத்தக்கட்டி இருக்கக்கூடும், உடனே மருத்துவரிடம் செல்லல் வேண்டும். மாதம் முதிர்ந்தவரை நெடுநேரம் மல்லாந்து படுக்க வைப்பதும் தகாது. ஒருக்களித்துப் படுத்தலே நன்று. குழந்தையைத் திருப்புவதும் மருத்துவமனையில், கருவின் இதயத்துடிப்பைக் கண்காணித்துக்கொண்டே, பெரும்பாலும் 36 வாரங்களுக்குப் பின் மருத்துவரால் செய்யப்படுவது.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பேறுகளில் 99 விழுக்காட்டிற்கு மேல் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. பழைய மருத்துவச்சியருள் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. செவிலியர் கல்வி பயிலும் நம் பெண்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது அப்பாட்டியரிடம் எண்ணெய், பக்குவம், கூலி, பட்ட அவமதிப்பு அனைத்தையும் கேட்டு எழுதி வருவாராயின், சங்கத்தார் அதனை ஏட்டில் பதிந்து வைக்கலாம்.