மன்னார்க் கடலடியின் பழைய பிளவு

பெற்றோலியம் தேடுவோர் முதலில் ஆராய வேண்டியது இன்றைய நிலப்படத்தையன்று. கண்டங்கள் பிரியுமுன் இருந்த நிலப்படத்தையேயாகும். இலங்கையின் எண்ணெய்த் தேட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இத்தீவின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய பளிங்குருப் பாறைகளாலானது. அத்தகைய பாறைகளில் எண்ணெய் பிறப்பதில்லை. சேற்றோடு புதையுண்ட நுண்ணுயிர்களே, மேற்படிந்த அடையல்களின் சுமையாலும் புவியின் வெப்பத்தாலும் மாற்றமுற்று, எண்ணெயும் வாயுவுமாகின்றன. ஆகவே, தடித்த அடையல்கள் எங்கே சேர்ந்தன என்பதே முதல் வினா.

விடை கொண்டுவானாப் பெருங்கண்டத்தின் கதையில் உள்ளது. இந்தியா, இலங்கை, அந்தாட்டிக்கா ஆகியன ஒருகாலத்தில் இணைந்திருந்தன. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அந்நிலம் இழுபட்டுப் பிளவுறத் தொடங்கிற்று. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான பிளவு மட்டும் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெற்றிருப்பின், இவ்விரு நாடுகளுக்குமிடையே ஒரு பெருஞ்சமுத்திரமே விரிந்திருக்கும். பாதியில் நின்ற பிளவு தாழ்ந்து பள்ளமாயிற்று. மணலும் சேறும் அதிற் பல கிலோமீற்றர் தடிப்பிற்குப் படிந்தன. காவிரிப் படுகையும் மன்னார்ப் படுகையும் இவ்வாறு தோன்றியவையே. புத்தளத்தை அடுத்த தப்போவையில் யுராசிக் காலத் தாவரச் சுவடுகள் கொண்ட படிவுகள் ஒரு சிறு பள்ளத்தில் எஞ்சியுள்ளன. அவையும் அக்கால நில இழுப்பின் அடையாளமே.

1974 இல், சோவியத் நாட்டின் உதவியுடன், மன்னார்த் தீவின் பேசாலையிற் கிணறு தோண்டப்பட்டது. 1981 இல் மன்னார் வளைகுடாவில் 'பேள்-1' என்னும் கிணறு துளைக்கப்பட்டது. இரண்டும் வணிக அளவிற் பயன் தரவில்லை. ஆயினும், படுகையின் ஆழ்ந்த பகுதி ஆராயப்படாமலே கிடந்தது. 2001 முதல் ஒலியலைகளைச் செலுத்திக் கடலடிப் படைகளின் கிடையை அறியும் பணி நடைபெற்றது. அதன் பயனாக, 2011 இல் ஏறத்தாழ 1,350 மீற்றர் ஆழமான கடலில் 'டொராடோ' கிணறு துளைக்கப்பட்டு, மணற்கற் படையொன்றில் இயற்கை வாயு காணப்பட்டது. அதே ஆண்டில் 'பரகூடா' என்னும் கிணற்றிலும் வாயு கிடைத்தது. மூன்றாவது கிணறோ வறிதே முடிந்தது.

இதிலிருந்து ஓருண்மை புலனாகிறது. புவித்தகடுகளின் வரலாறு தேட வேண்டிய இடத்தைச் சுட்டும். செல்வத்துக்கு உறுதி கூறாது. உரிமம் பெற்ற நிறுவனமும் 2015 இல் விலகிற்று. ஆயினும், 2022 இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஒரு நாட்டுக்கு இது வெறும் ஏட்டறிவன்று. பேசாலையின் தோல்வியோடு தேட்டம் நின்றிருந்தால், தன் கடலடியில் வாயு உண்டென்பதைக்கூட இந்நாடு அறிந்திராது.