துயரத்தின் இரண்டு வகைகள்: மனச்சோர்வும் மாத்திரையும்

இந்த அமர்வில் வழக்கமாக நாவல் பற்றியோ கவிதை பற்றியோ பேசுவோம். இன்று ஒரு மாத்திரையின் வரலாற்றைப் பேசலாமா என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனாயியாவில் நான் தங்கியிருந்த அறையில் ஓர் அண்ணன் இருந்தார். மனச்சோர்வுக்கு ஊரில் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருப்பார். கம்பெனிக்குத் தெரிந்தால் விசாவை ரத்து செய்துவிடுவார்களோ என்று பயம். ஒருநாள் அறைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “இது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை அண்ணே, பழக்கமாயிடும், விட்டுடுங்க” என்றார். அண்ணன் அன்றே நிறுத்திவிட்டார். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு மாதத்தில் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல் ஊர் திரும்பினார். மறுபடி சிகிச்சை எடுத்து இப்போது நன்றாக இருக்கிறார். அன்று நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பு என்பது, பிறகு இதைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மனச்சோர்வுக்கு மருந்து வேண்டுமா, ஆறுதல் போதுமா? இந்தக் கேள்வி நம் காலத்தில் பிறந்தது என்று நினைத்திருந்தேன். நாம் பிழைக்க வந்திருக்கும் மண்ணின் மொழியில், அரபியில், இது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் பல்க் பகுதியைச் சேர்ந்தவர் அபூ ஸைத் அல்-பல்கி. 934இல் மறைந்தவர். உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். துயரத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, காரணம் தெரிந்த துயரம்: உறவை இழந்தது, பொருளை இழந்தது. இன்னொன்று, காரணமே தெரியாமல் வந்து அமுக்குவது. இரண்டாவது உடலிலிருந்து கிளம்புகிறது, அதனால் உடலுக்கும் வைத்தியம் வேண்டும் என்கிறார். ஆறுதல் பேச்சையும் அவர் விடவில்லை. அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, நல்ல எண்ணங்களையும் முன்கூட்டியே சேர்த்து வைத்திருங்கள் என்று சொன்னவர் அவர்.

பல்கி காலத்து மருத்துவம் ரத்தத்தைச் சுத்தம் செய்வதை நம்பியது. வேலை செய்யும் மருந்து கிடைக்க 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் தேடிக் கிடைத்ததல்ல. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுத்துப் பார்த்தார்கள். நெடுநாள் சுருண்டு கிடந்தவர்கள் எழுந்து சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். 1956இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன், வேறு மனநோய்க்கு எதிர்பார்த்தபடி பயன்படாத இமிப்ரமினை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதில் பலன் கண்டார்.

நம் ஊர் வேர் ஒன்றும் இந்தக் கதையில் வருகிறது. சர்ப்பகந்தி ரத்த அழுத்தத்தையும் மனக்கொதிப்பையும் தணிக்கிறது என்று கல்கத்தா மருத்துவர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் 1931இல் எழுதினார்கள். 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கு அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் மனச்சோர்வில் விழுந்தார்கள். ரெசர்பின் மூளையில் செரோடோனின் போன்ற பொருட்களைக் குறைப்பதும் தெரியவந்தது. அப்படியானால் மனச்சோர்வே அந்தக் குறைவுதானோ என்ற யோசனை இங்கிருந்தும் வலுப்பெற்றது. 1987 கடைசியில் அமெரிக்கா அனுமதித்த ஃப்ளூக்ஸெடின் அந்த யோசனையோடுதான் உலகமெங்கும் பரவியது.

அந்த விளக்கம் இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. செரோடோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் ஜோனா மான்கிரீஃப் குழு எழுதியது. உடனே வாட்ஸ்அப் குழுக்களில் “மாத்திரையே மோசடி” என்று செய்தி சுற்றியது. இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பாராசிட்டமால் குறைவால் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. ஆனால் பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கிறது. மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி, செய்கிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு 2018இல் லான்செட் இதழில் ஒரு பெரிய தொகுப்பு வந்தது. 522 ஆய்வுகள், 1,16,477 பேர், 21 மருந்துகள். எல்லாமே போலி மாத்திரையைவிடப் பலன் தந்தன. பலன் பிரமாதம் என்று சொல்ல முடியாது, சராசரியாக மிதமானதுதான். லேசான மனச்சோர்வுக்கு மருந்தில் தொடங்க வேண்டாம் என்றே பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. இளம் வயதினருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் கூடவே இருந்து கவனிக்கவும் வேண்டும்.

நமக்கு நெருக்கமான சான்று கோவாவில் இருக்கிறது. விக்ரம் பட்டேல் குழு 2003இல் 450 பேரிடம் நடத்திய ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் ஃப்ளூக்ஸெடின் போலி மாத்திரையை வென்றது. ஆலோசனைப் பேச்சு வெல்லவில்லை. அவர்கள் அதோடு விடாமல் பேச்சுச் சிகிச்சையை வேறு மாதிரி அமைத்துப் பார்த்தார்கள். மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சில அமர்வுகள் நோயாளியோடு பேச வைத்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரில், அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நோயிலிருந்து வெளியே வந்தார்கள். கிடைக்காதவர்களில் 39 சதவீதம். ஆக, ஒரே மண்ணில் மருந்தும் வேலை செய்திருக்கிறது, ஒழுங்காக அமைத்த பேச்சும் வேலை செய்திருக்கிறது. இரண்டும் கிடைக்காமல் போவதுதான் ஆபத்து.

அந்த ஆபத்து எதில் போய் முடியும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. தர்காவை நம்பி அவர்களைக் கூட்டிவந்த குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிரார்த்தனை அவர்கள் உரிமை. அதனோடு மருத்துவரும் வேண்டும் என்று அந்த வீடுகளில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும்.

இங்கே, அல் ஐனில், பல்கி சொன்ன இரண்டு துயரமும் ஒரே கட்டிலில் படுத்திருக்கின்றன. கடன், பிரிவு, பார்க்க முடியாமல் போன அப்பாவின் சாவு, இவை காரணம் தெரிந்த துயரம். இதற்கு முதலில் வேண்டியது சம்பளம், விடுப்பு, பேச ஒரு மனிதர். அதை மாத்திரையால் மூடி மறைப்பது நியாயமில்லை. ஆனால் அதுவே முற்றி, தூக்கமும் பசியும் போய், சாகலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால், காரணம் தெரியும் என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

அறையில் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்லி முடிக்கிறேன். மனச்சோர்வு மருந்து தூக்க மாத்திரை மாதிரி போதைப் பழக்கம் உண்டாக்குவதில்லை. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பலாம். மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவருகிறவர்கள் மருந்துச்சீட்டோடு வாருங்கள். அல்பிரஸோலம் போன்றவை இங்கே கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் புறப்படும் முன்பே அனுமதி பார்த்துக்கொள்ளுங்கள். 2023இல் அமீரகம் புதிய மனநலச் சட்டமும் கொண்டுவந்திருக்கிறது. நோயாளியின் அந்தரங்கத்தையும் வேலையையும் காப்பது பற்றி அது பேசுகிறது.

அந்த அண்ணனிடம் போன வாரம் பேசினேன். மாத்திரை இப்போது எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டேன். “அதோட சொந்த அட்டையிலதான் தம்பி” என்று சிரித்தார்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.