மிதிவண்டித் திறனளவியும் தொங்கு எடையும்: அளவுத்திருத்தத்தின் வரலாறு

முன்னுரை

மிதிவண்டி வீரர் ஒரு நொடியில் செய்யும் வேலையே அவருடைய திறன். அது வாட் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. இன்று கிராங்க், மிதிகட்டை, பின்சக்கர அச்சு ஆகியவற்றில் பொருத்தப்படும் மின்னணுத் திறனளவிகள் இவ்வளவை ஓட்டத்தின்போதே காட்டுகின்றன. அவ்வெண்களைக் கொண்டு பயிற்சி வகுக்கப்படுகிறது. வெவ்வேறு காலத்து வீரர்கள் ஒப்பிடப்படுகின்றனர். அவ்வொப்பீடு ஏற்கத்தக்கதா என்பது கருவியின் அளவுத்திருத்தத்தைப் பொறுத்தது. கருவிகள் மாறியபோதும் அத்திருத்தத்தின் அடிப்படை, நிறை தெரிந்த பொருளைத் தொங்கவிடுவதாகவே நீடித்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆய்வுக்கூடக் கருவிகள்

டென்மார்க்கின் உடலியலாளர் ஆகஸ்ட் குரோக் 1913இல் தாம் அமைத்த மிதிவண்டி வேலையளவியை வெளியிட்டார். அதில் மின்காந்தத் தடையின் விசை எடைகளால் சமன் செய்யப்பட்டது. 1954இல் சுவீடனின் வான் டெபெல்ன், சக்கரத்தைச் சுற்றிய பட்டையின் உராய்வை ஊசல் ஒன்றால் அளக்கும் எளிய கருவியை விவரித்தார். பட்டை தளர்ந்திருக்கையில் ஊசல் சுழியில் நிற்க வேண்டும்; நிறை தெரிந்த எடையைத் தொங்கவிட்டால் உரிய கோட்டைத் தொட வேண்டும். இவ்விரு சோதனைகளே பிற்கால அளவுத்திருத்தத்தின் முன்வடிவங்கள். எனினும் சக்கரத்தில் அளக்கும் இக்கருவி, சங்கிலியின் உராய்வில் இழக்கப்படும் வேலையைக் கணக்கிடுவதில்லை.

திரிபு அளவியின் வருகை

1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் ஆகிய இருவரும் தனித்தனியே மின்தடைத் திரிபு அளவியை உருவாக்கினர். உலோகம் நுண்ணிதாக வளையும்போது அதில் ஒட்டப்பட்ட கம்பியின் மின்தடை மாறுகிறது என்பதே அதன் தத்துவம். செருமானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் இதனைக் கிராங்கிற்கும் பல்சக்கரத்திற்கும் இடையே பொருத்தி, 1986இல் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தைத் தொடங்கினார். இதனால் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த அளவீடு சாலைக்கு வந்தது. அளக்கப்பட்ட திருப்புவிசையைக் கோணத் திசைவேகத்தால் பெருக்கத் திறன் கிடைக்கிறது.

சுழிநிலையும் சாய்வும்

இக்கருவிகளின் அளவுத்திருத்தம் இரு கூறுகளைக் கொண்டது. முதலாவது, சுமையற்ற நிலையில் கருவி காட்டும் அளவைச் சுழியாகக் கொள்வது. வெப்பநிலை மாற்றத்தால் இச்சுழிநிலை நகர்வதால் ஓட்டத்திற்கு முன் இதனைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, விசைக்கும் மின்குறிப்புக்கும் உள்ள விகிதமாகிய சாய்வைச் சோதிப்பது. 170 மில்லிமீட்டர் கிராங்கைக் கிடைமட்டமாக நிறுத்தி, அதன் மிதிகட்டை அச்சில் 20 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டால் திருப்புவிசை ஏறத்தாழ 33.4 நியூட்டன் மீட்டர். அதே விசை நிமிடத்திற்கு 90 சுழற்சிகளுடன் நிலவினால் திறன் ஏறத்தாழ 314 வாட்.

பல மிதிவண்டிக் கணினிகளின் திரையில் சுழிநிலை அமைவே அளவுத்திருத்தம் எனப் பெயர் பெற்றிருப்பது குழப்பத்திற்கு இடமளிக்கிறது. சாய்வில் 2 விழுக்காடு பிழையிருந்தால், சுழிநிலையை எத்தனைமுறை அமைத்தாலும் 400 வாட்டில் 8 வாட் பிழை எஞ்சும். எடையும் முற்றிலும் மாறாததன்று. புவியீர்ப்பு முடுக்கம் நடுவரைக்கோட்டில் 9.780, துருவங்களில் 9.832 மீட்டர்/நொடி² என அரை விழுக்காடு வேறுபடுகிறது.

திருத்தத்தின் எல்லை

2012இல் ஸ்டேஜஸ் நிறுவனம் இடது கிராங்கில் மட்டும் அளந்து, அதனை இரட்டிப்பாக்கும் கருவியை அறிமுகப்படுத்தியது. 300 வாட் திறனில் இடது காலின் பங்கு 52 விழுக்காடாயின் அது 156 வாட்; கருவி காட்டுவதோ 312 வாட். இங்குச் சாய்வு பிழையற்றது. இரு கால்களும் சமம் என்னும் எடுகோளே பிழைக்குக் காரணம். எடையைத் தொங்கவிடும் சோதனை இதனை வெளிப்படுத்தாது.

முடிவுரை

திறனளவியின் எண் தன்னளவில் வரலாற்றுச் சான்றாகாது. கிராங்கிலா, அச்சிலா, சக்கரத்திலா அளக்கப்பட்டது, ஒரு காலா இரு கால்களா, சாய்வு எடையால் என்று சோதிக்கப்பட்டது ஆகிய குறிப்புகள் உடனிருந்தால்தான் இரு காலங்களின் எண்களை ஒப்பிட இயலும். கல்வெட்டின் வாசகத்தோடு அதன் படியெடுப்பு வரலாற்றையும் ஆராய்வதுபோல, வாட் எண்ணோடு அதன் அளவுத்திருத்தப் பதிவையும் ஆராய்வது விளையாட்டு வரலாற்று ஆய்வாளரின் கடமையாகும்.