மாண்டரின் கல்வி: நெகிரி செம்பிலான் தோட்டப்புறமும் சீனத்தின் மாகாணப் பல்கலைக்கழகங்களும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளை மாண்டரின் கற்க மூன்று வழிகள் உண்டு. ஏழு வயதில் சீனப்பள்ளியில் சேரலாம். கல்லூரிக்குப் போனபின் மூன்றாம் மொழிப் பாடமாக எடுக்கலாம். அல்லது எஸ்பிஎம் முடித்தபின் சீனாவுக்கே போய் ஓராண்டோ நான்காண்டோ படிக்கலாம். இக்கட்டுரை மூன்றாவது வழியைப் பற்றியது. பெய்ஜிங், ஷாங்காய் நகரங்களின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களை விடுத்து, வெளியே அதிகம் பேசப்படாத மாகாணப் பல்கலைக்கழகங்களில் மொழி படிப்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

தோட்டமும் மொழியும்

பள்ளி வயதுப் பிள்ளைகள், அதாவது 7 முதல் 14 வயதினர், பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சிரம்பான், போர்ட்டிக்சன், ரந்தாவ், லாபு, பகாவ், கெமஞ்சே வட்டாரங்களின் கித்தாத் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் முளைத்தது இப்படித்தான். மாநிலத்தில் இன்றும் 60 தமிழ்ப்பள்ளிகள் அளவில் இயங்குகின்றன. அவற்றுள் பலவற்றின் பெயரில் ‘லாடாங்’ இருக்கிறது, பக்கத்தில் தோட்டம்தான் இல்லை. கித்தா போய்ச் செம்பனை வந்தது. பிறகு செண்டாயான், நீலாய் பக்கமெல்லாம் நிலம் வீடமைப்புக்குக் கைமாறியது. லயத்தில் இருந்தவர்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள்.

தமிழ்ப்பள்ளியில் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகள் உண்டு, சீனம் கிடையாது. ஆனாலும் தோட்டத்துக்காரர்களின் காதுக்குச் சீனம் புதிதல்ல. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் சீனக் குடியானவர்கள் வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தமிழர் லயங்களும் புதுக்கிராமங்களும் ஒரே வட்டாரத்தில் இருந்தாலும் இரு தரப்புப் பிள்ளைகளும் வேறு வேறு பள்ளிக்கே போனார்கள். பேச்சு மட்டும் வேலியைத் தாண்டியது. மளிகைக்கடைத் தவுக்கேயிடமும் குத்தகைக்காரரிடமும் பேசிப் பழகியே சீனம் கற்ற பெரியவர்கள் உண்டு. அவர்கள் கற்றது பெரும்பாலும் ஹக்கா அல்லது கண்டனீஸ், ஏனெனில் சிரம்பான், ஜெலுபு பக்கத்துச் சீனர்களின் வீட்டுமொழிகள் அவைதாம். ‘தாத்தாவுக்குச் சீனம் அத்துப்படி’ என்று சொல்லும் பேரன் மாண்டரின் வகுப்பில் முதல் பாடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வணக்கம் சொல்லும் விதமே அங்கே வேறு.

சீனப்பள்ளி என்ற முதல் வழியைத் தேர்ந்தெடுக்கும் தமிழ்ப் பெற்றோர் கூடிவருகிறார்கள். நாடு முழுதும் சீனத் தொடக்கப்பள்ளி மாணவரில் இந்தியரின் பங்கு 2010இல் 1.67 விழுக்காடாக இருந்து 2020இல் 2.75 விழுக்காடானது. ‘மாண்டரின் தெரிந்தவருக்கு முன்னுரிமை’ என்ற வேலை விளம்பர வரி இதற்கு ஒரு காரணம். 2009 முதல் மலேசியாவின் மிகப் பெரிய வணிகப் பங்காளி சீனாதான். எதிர்த்தரப்பில் ‘தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு’ என்ற பரப்புரை நடக்கிறது. சீனப்பள்ளிக்குப் போகும் பிள்ளை தமிழ் எழுத்தை இழக்கிறது என்ற அதன் வாதம் வெறும் உணர்ச்சிப் பேச்சல்ல, பல வீடுகளில் கண்கூடு. இந்த இழுபறியில் மறந்துபோவது ஒன்று: மாண்டரினுக்கு ஏழு வயதோடு கதவு சாத்தப்படுவதில்லை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, பதினெட்டு வயதில் ஓராண்டு சீனாவில் தங்கி மொழி கற்பவர் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

போக்குவரத்தின் வரலாறு

மலேசியாவும் சீனாவும் 1974 மே 31 அன்று தூதரக உறவு கொண்டன. பொதுமக்கள் சீனா செல்வதற்கான கட்டுப்பாடுகளோ 1990இல்தான் தளர்ந்தன. உயர்கல்வித் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்கும் உடன்பாடு 2011 ஏப்ரலில் கையெழுத்தானது. சீனப் பட்டத்தோடு ஊர் திரும்புவோருக்கு அது பெரிய திருப்பம். சீயாமென் பல்கலைக்கழகம் 2016இல் சிப்பாங்கில் தன் மலேசியக் கிளையைத் திறந்தது. நீலாயிலிருந்து அது எட்டும் தூரம்தான். ஆனால் அங்கே பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால், மொழிக்காக மட்டும் போகிறவருக்கு அது பதிலாகாது.

சீயாமென் பல்கலைக்கழகத்தின் பிறப்பிலேயே கித்தா இருக்கிறது. அதை 1921இல் நிறுவிய டான் கா கீ சிங்கப்பூரில் தொழில் நடத்தி, ரப்பரிலும் அன்னாசியிலும் பொருள் சேர்த்தவர். மலாயாவின் பால்மரம் ஈட்டிய பணம் பூஜியன் மாகாணத்தில் கல்விக்கூடங்களாக எழுந்தது. தம் பிறந்த ஊரான ஜிமெயிலும் அவர் பள்ளிகள் கட்டினார். இன்றைய ஜிமெய் பல்கலைக்கழகம் அவற்றின் வழிவந்தது. அதே ஜிமெயில் ஹுவாசியாவ் பல்கலைக்கழகத்தின் சீனமொழிக் கல்லூரியும் இருக்கிறது. 1960இல் தோன்றிய ஹுவாசியாவின் தலைமை வளாகம் சுவான்சோவில் உள்ளது.

சுவான்சோ தமிழருக்கு அந்நிய ஊர் அல்ல. அங்கே 1956இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ், சீன இருமொழிக் கல்வெட்டு சக ஆண்டு 1203 சித்திரையில், அதாவது 1281 ஏப்ரலில் பொறிக்கப்பட்டது. சம்பந்தப் பெருமாள் என்ற வணிகர் எழுப்பிய திருக்கடலீசுவரம் என்ற சிவன் கோயிலைப் பற்றியது அது. அவ்வூர்க் கையுவான் பௌத்த ஆலயத்தில் கண்ணன் கதைச் சிற்பங்கள் கொண்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வளர்ந்த மாணவர் ஒரு விடுமுறை நாளை அங்கே செலவிடலாம்.

எவை அறியப்படாதவை?

சீன அரசு 1995இல் தொடங்கிய 211 திட்டத்திலும் 1998இல் தொடங்கிய 985 திட்டத்திலும் இடம்பெற்றவையே வெளிநாட்டில் பெயர் பெற்றவை. அவற்றுக்கு வெளியே மாகாண அரசுகளின் ஆசிரியர் பயிற்சிப் பல்கலைக்கழகங்களும் சிறுபான்மை இனத்தவருக்கான மின்சு பல்கலைக்கழகங்களும் ஏராளம். குன்மிங்கில் யுன்னான் ஆசிரியர் பல்கலைக்கழகம், நான்னிங்கில் குவாங்சி மின்சு பல்கலைக்கழகம், குய்லினில் குவாங்சி ஆசிரியர் பல்கலைக்கழகம், ஹைகோவில் ஹைனான் ஆசிரியர் பல்கலைக்கழகம், வடக்கே தாலியனில் லியாவ்னிங் ஆசிரியர் பல்கலைக்கழகம், இன்னும் வடக்கே ஹார்பின் ஆசிரியர் பல்கலைக்கழகம் ஆகியவை சில. பெயர் தெரியாததால் தரம் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. யுன்னான் ஆசிரியர் பல்கலைக்கழகம், ஜப்பானியப் போர்க்காலத்தில் பெய்ஜிங், தியான்ஜின் நகரங்களின் பல்கலைக்கழகங்கள் குன்மிங்குக்குக் குடிபெயர்ந்து நடத்திய கூட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியிலிருந்து வந்தது. அதே குன்மிங்கின் யுன்னான் மின்சு பல்கலைக்கழகத்தில் சீன மாணவர்கள் தமிழ் படிக்கிறார்கள்.

மொழி மட்டும் கற்கப் போகிறவருக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட ஊரின் பேச்சே முக்கியம். வகுப்பில் எங்கும் பொதுச்சீனம்தான், தெருவில் அப்படியில்லை. குன்மிங்கில் தென்மேற்குச் சாயல் கலந்த மாண்டரின் பேசுவார்கள். நான்னிங்கின் பழைய வட்டாரங்களில் கண்டனீஸ் வகை கேட்கும். சுவான்சோவில் ஹொக்கியன், ஹைகோவில் ஹைனானீஸ். ஹார்பின் பேச்சு பொதுச்சீனத்துக்கு நெருங்கியது என்று பெயர் பெற்றது. ஆனால் அங்கே ஜனவரி இரவுகளில் வெப்பம் −20 பாகைக்கும் கீழே போகும். ஹைகோவின் வெயிலோ நம் ஊர் வெயிலைப் போன்றது. தெற்கிலேயே இருப்பதானால் ஒரு யோசனை: மலேசிய மாணவர்கள் கூட்டமாகத் தங்கும் விடுதியைத் தவிர்க்கலாம். சிறிய பல்கலைக்கழகங்களின் பெரிய நன்மையே, மலாயோ ஆங்கிலமோ பேசி நாளைக் கழிக்க முடியாது என்பதுதான்.

படிப்பும் ஒலியும்

மொழிப் படிப்பு செப்டம்பரிலும் மார்ச்சை ஒட்டியும் தொடங்குகிறது. வாரத்துக்கு 20 மணி நேரம் அளவில் வகுப்பு. ஆழ்ந்த வாசிப்பு, கேட்டல், பேச்சு, எழுத்து என்று பாடம் பிரிகிறது. தகுதியை அளப்பது எச்எஸ்கே தேர்வு. 2010இல் வந்த ஆறு நிலை முறையில் முதல் நிலைக்கு 150 சொற்கள், மூன்றாம் நிலைக்கு 600, நான்காம் நிலைக்கு 1,200, ஐந்தாம் நிலைக்கு 2,500, ஆறாம் நிலைக்கு 5,000 சொற்கள். 2021இல் ஒன்பது நிலைத் தரநிலை வெளியானது. ஓராண்டு மொழிப் படிப்பு பட்டமாகாது. ஊர் திரும்பியபின் முதலாளி பார்ப்பது இந்தத் தேர்வு நிலையைத்தான். அதனால்தான் பெயருக்காகப் பெருநகரத்தில் கூடுதல் பணம் கொடுப்பது மொழி மாணவருக்கு வீண்செலவு.

தமிழ்க் காது சில இடங்களில் உதவும், சில இடங்களில் கெடுக்கும். நாக்கை மடித்து ஒலிக்கும் மாண்டரின் ஒலிகள் ட, ண, ள பழகிய நாவுக்குச் சிரமமில்லை. பெய்ஜிங் ரகரம் நம் ழகரத்துக்கு அருகில் இருப்பது. ழகரத்தைச் சரியாகச் சொல்லக் கற்றுத்தந்த தமிழாசிரியருக்கு மாணவர் அங்கே நன்றி சொல்வார். இடறுவது மூச்சொலியில். ‘வயிறு நிறைந்தது’, ‘ஓடு’ ஆகிய இரண்டுக்கும் மாண்டரினில் தமிழ் எழுத்தில் ‘பாவ்’ என்றே எழுதக்கூடிய சொற்கள் உண்டு. தொனியும் ஒன்றேதான். முதலாவதில் பகரம் மூச்சின்றி வரும், இரண்டாவதில் மூச்சோடு வரும். தமிழிலும் மலாயிலும் இந்த வேறுபாட்டுக்குப் பொருள் மாறாது என்பதால் காது அதைக் கவனிப்பதில்லை. நான்கு தொனிகளையே எல்லாரும் பூதமாகக் காட்டுகிறார்கள். தமிழ் மாணவர் முதலில் பயிற்சி செய்ய வேண்டியதோ இந்த மூச்சொலியைத்தான்.

செலவும் நடைமுறையும்

அனைத்துலகச் சீனமொழி ஆசிரியர் உதவித்தொகை கல்விக் கட்டணத்தையும் தங்குமிடத்தையும் ஏற்று, ஓராண்டு மொழி மாணவருக்கு மாதம் 2,500 யுவான் வழங்கிவந்துள்ளது. இதற்குச் சீன வம்சாவளியினராக இருக்க வேண்டியதில்லை. ஓராண்டுப் படிப்புக்கான அறிவிப்புகள் எச்எஸ்கே மூன்றாம் நிலையில் 210 மதிப்பெண் கேட்டுள்ளன. அதாவது சுத்தமாக ஒன்றும் தெரியாமல் இந்த உதவித்தொகையோடு போக முடியாது. அந்த 600 சொற்களை இங்கேயே கற்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2009 முதல் இயங்கும் கொங் சி கழகம் போன்ற இடங்களும் மாலை வகுப்புகளும் இதற்கு உதவும். சீன அரசின் உதவித்தொகை தூதரகம் வழியாகவும் நேரடியாகப் பல்கலைக்கழகம் வழியாகவும் கிடைக்கிறது. சிறிய பல்கலைக்கழகங்களில் போட்டி குறைவு.

இரு நாடுகளும் 2025 ஜூலை 17 முதல் 30 நாள் விசா விலக்கு அளிக்கின்றன. படிப்புக்கு அது பொருந்தாது. 180 நாளுக்கு மேற்பட்ட படிப்புக்கு எக்ஸ்1 விசா வேண்டும், போய் இறங்கிய 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதியின்றிப் பகுதிநேர வேலை செய்யக் கூடாது. எனவே கையில் காசில்லாமல் போய் அங்கே சம்பாதித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு உதவாது. வாட்ஸ்அப் அங்கே இயங்காததால் வீட்டாரும் வீசாட் நிறுவிக்கொள்ள வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாதவர் உணவகத்தில் கேட்க வேண்டிய வாக்கியத்தை விமானம் ஏறுமுன் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

செப்டம்பர் பருவத்துக்கான உதவித்தொகை விண்ணப்பங்கள் பெரும்பாலும் மே மாதத்துக்குள் முடிந்துவிடுகின்றன. எஸ்பிஎம் முடிவு வந்தபின் யோசிக்கலாம் என்று இருப்பவருக்கு அந்த ஆண்டு கிடைக்காமல் போகலாம். ஆகவே ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதே எச்எஸ்கே தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.